கம்யூனிகேஷன்னா இங்கிலீஷ் மட்டும்தானா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாலே காலேஜில் எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை: கம்யூனிகேஷன். "பையன் நல்லா கோடிங் பண்றான், கம்யூனிகேஷன்தான் வீக்" என்றால், பெரும்பாலும் "இங்கிலீஷ் வரல" என்றுதான் அர்த்தம். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு இது வசதியான அர்த்தம்தான். ஆனாலும் தப்பான அர்த்தம் என்று நினைக்கிறேன்.

தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்ஃபார்மில் ரெண்டு பேர் பேசுவதைக் கவனிங்க.

"வந்துட்டானா?"

"இல்ல, அங்கயே நிக்கிறானாம்."

"அப்பவே சொன்னேன்ல!"

யார் வரணும்? எங்கே நிக்கிறான்? அப்பவே என்ன சொன்னார்? எதுவுமே வாக்கியத்தில் இல்லை. தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது சகஜம். எதிரில் இருப்பவருக்கு எது ஏற்கெனவே தெரியும் என்று கணக்குப் போட்டுத்தான் நாம் பேசுகிறோம். "நிக்கிறானாம்" என்பதில் வரும் அந்தக் குட்டி 'ஆம்', "நான் பார்க்கல, கேள்விப்பட்டேன்" என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

மூளைக்கு இவை ரெண்டும் வேறு வேறு வேலை. வார்த்தை, இலக்கணம் எல்லாம் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கத்தில் நடக்கிறது. அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று யோசிக்கும்போது, காதுக்குச் சற்று மேலே, பின்னால் இருக்கும் ஒரு பகுதி குறிப்பாக வேலை செய்வதை ரெபெக்கா சாக்ஸ், நான்சி கன்விஷர் இருவரும் 2003-ல் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2000-ல், மூளை பாதிப்பால் இலக்கணத்தைக் கிட்டத்தட்ட முழுசாக இழந்த ஒருவரை ரோஸ்மேரி வார்லியும் மைக்கேல் சீகலும் சோதித்தார்கள். ஒழுங்காக ஒரு வாக்கியம் அமைக்க முடியாத அவரால், விஷயம் தெரியாத இன்னொருவர் எதைத் தப்பாக நம்புவார் என்று கண்டுபிடிக்க முடிந்தது.

இன்னொரு ஆய்வு நமக்கு நேரடியாகவே பொருந்தும். ஜேகபி, ஃபெடரென்கோ இருவரும் 2020-ல் வெளியிட்டது. தொடர்பில்லாத வாக்கியங்களைவிட, கோர்வையான பத்தியைப் படிக்கும்போது, மற்றவர் மனசை யோசிக்க உதவும் வலைப்பின்னலில் நெற்றிப் பக்கம் இருக்கும் பகுதிகள் அதிகம் வேலை செய்தன. கதையே இல்லாத விளக்கக் கட்டுரைக்கும் அப்படித்தான். "இவர் இதை இப்போ எதுக்குச் சொல்றார்?" என்று கேட்டுக்கொண்டேதான் நாம் பின்தொடர்கிறோம் போல.

இப்போ நம்ம செமினார் ஸ்லைடுகளை நினைச்சுப் பாருங்க. பத்து பாயின்ட், பத்தும் இலக்கண சுத்தம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. இன்னொரு பக்கம், தமிழ் மீடியத்தில் இருந்து வந்த என் நண்பன். எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி அரியர் கேங்குக்கு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் எடுப்பான். "இதுவரைக்கும் தெரியும்ல? அப்ப இங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்பான். நாலு பேர் அவனால் பாஸ் ஆனார்கள். அவனை ஒரு கம்பெனி ஜிடி ரவுண்டிலேயே அனுப்பிவிட்டது. காரணம், கம்யூனிகேஷன்!

இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலைக்குப் போனால் அது கண்டிப்பா வேணும். ஆனால் அதற்கு மார்க்கைத் தனியாகப் போடுங்க. பிளேஸ்மென்ட் டிரெய்னிங்கில் ஒரு ரவுண்டை மாத்தலாம்: ஃபைனல் இயர் புராஜெக்டை ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையனுக்கோ பொண்ணுக்கோ தமிழிலேயே விளக்கணும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லணும். அதற்குத்தான் மார்க். அப்புறம் அதையே இங்கிலீஷில் சொல்லட்டும்.

ஒருத்தரை "கம்யூனிகேஷன் வீக்" என்று ஒதுக்கும் முன்னாடி, அவர் சொன்னதைக் கேட்டவங்களுக்குப் புரிஞ்சுதா என்று ஒரு தடவை விசாரிங்க.