இரவல் சொட்டு மருந்து

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. மூத்தவாப்பாவுக்கு வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்தபோது கொடுத்த சொட்டு மருந்தின் மிச்சம். வீட்டில் யாருக்குக் கண் சிவந்தாலும் உம்மா அதைத்தான் எடுப்பார். சிவப்பும் சீக்கிரம் இறங்கிவிடும். பக்கத்து வீட்டு மாமிக்கும் இரவல் போகும்.

சென்ற வருடம் எனக்கு வலது கண் சிவந்தது. வலித்தது; வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று நாள் அந்த மருந்தை விட்டேன். சிவப்பு குறைந்தது, ஆனால் கரும்பலகை எழுத்து புகைமூட்டத்துக்குள் இருப்பதுபோல் தெரிந்தது. கண் வைத்தியர் மஞ்சள் சாயமிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் மரக்கிளைபோல் பிரிந்த புண். ஹேர்ப்பீஸ் வைரஸ் என்றார். எங்கள் குப்பியில் இருந்தது ஸ்டீரொய்ட். அது சிவப்பை அடக்கும், வைரஸைப் பெருக விடும். நீண்ட நாள் விட்டால் கண்ணின் அழுத்தத்தையும் கூட்டும். அசைக்ளோவிர் களிம்பை நாளுக்கு 5 தடவை போட்டேன். பார்வை தப்பியது.

கண் சிவப்பு என்பது ஒரு நோயின் பெயரல்ல. அதற்கு ஒரே மருந்தும் இல்லை. இரு கண்களும் அரித்து நீர் வடிந்தால் பெரும்பாலும் ஒவ்வாமை. கசக்காமல், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் சுகமாக இருக்கும். வகுப்பு முழுக்கப் பரவும் கண்ணோய் அநேகமாக வைரஸ். அதற்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது. ஓரிரு வாரத்தில் தானே மாறும். துவாயையும் தலையணையையும் பிரித்து வைத்து, சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். (ராத்தாவும் தங்கச்சியும் ஒரே சுர்மாக் குச்சியைப் பாவிப்பதையும் நிறுத்தத்தான் வேண்டும்.) தடித்த சீழ் வந்தால் அன்ரிபயோட்டிக் தேவைப்படலாம். போனைப் பார்த்துப் பார்த்து மணல் விழுந்ததுபோல் உறுத்துவது வறட்சி, இமைக்க மறந்துவிடுகிறோம். ஆனால் வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

“கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் போயிரும், வாப்பாட கூலியும் போயிரும்” என்று உம்மா சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய், பிறகு ஆறு தடவை கிளினிக் வரிசையில் நின்றோம்.

குப்பியை எறிந்துவிட்டோம். போன கிழமை மாமி கண்ணைப் பொத்திக்கொண்டு வந்து அதைக் கேட்டார். உம்மா செருப்பை மாட்டிக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.