படிக்கட்டு வேண்டாம், தேதி கொடுங்க

தொண்டிக்காரன் எவனாவது சிங்கப்பூர்ல இருந்து லீவுல வந்தா ரெண்டு விஷயம் சொல்லாம போகமாட்டான். ஒண்ணு, "அங்க தெருவுல ஒரு குப்பை கிடையாது மாப்ளே." ரெண்டு, "மரினா பே ஓரத்துல ஒரு அரங்கம் இருக்கு பாரு, அது மாதிரி நம்ம கடற்கரையில ஒண்ணு கட்டணும்."

முதல் விஷயத்துல எனக்குத் தகராறு இல்லை. ரெண்டாவதுக்குத்தான் இந்தப் பதிவு. நம்ம பதிவர்கள்லயும் பாதிப்பேர் அந்த அரங்கத்துப் படத்தைப் போட்டு "தமிழ்நாட்டுல எப்போ?"ன்னு பெருமூச்சு விடறாங்க. ஐயா, அந்தப் படத்துல தெரியறது கட்டடம். அந்த இடத்தை அரங்கம் ஆக்குறது எதுவோ அது படத்துல விழாது.

எஸ்பிளனேடு 2002 அக்டோபர்ல திறந்தது. செலவு 60 கோடி சிங்கப்பூர் டாலர். கூரையைப் பார்த்துட்டு ஊர்மக்கள் 'டுரியான்'னு பேர் வச்சாங்க. உள்ளே பெரிய கச்சேரி மண்டபமும் நாடக அரங்கமும் இருக்கு. ஆனா நம்ம ஆளுங்க உருகுறது வெளியில, தண்ணி ஓரமா இருக்கிற திறந்தவெளி அரங்கத்துக்கு. அதுல இருக்கை எவ்வளவு தெரியுமா? 450. அவ்வளவுதான்! நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்துல பந்திக்கு உக்கார்ற கூட்டம் இதைவிடப் பெருசு.

அங்கே வேலை பார்த்த காலத்துல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பல தடவை அந்தப் படியில உக்காந்திருக்கேன். ஒருத்தரும் டிக்கெட் கேட்டதில்லை. இந்தப்பக்கம் பங்களாதேஷ் தொழிலாளி, அந்தப்பக்கம் கைக்குழந்தையோட ஒரு சீனக் குடும்பம். வருஷத்துல நடக்கிற நிகழ்ச்சிகள்ல ஏறக்குறைய 70 சதவீதம் இலவசம்னு அந்த நிறுவனமே சொல்லுது. 'கலா உத்சவம்'னு இந்தியக் கலைகளுக்கே வருஷாவருஷம் ஒரு விழா நடத்துறாங்க. எந்தத் தேதியில யார் பாடுறாங்கன்னு முன்கூட்டியே தெரியும். கழிப்பறை திறந்திருக்கும். அந்த இடத்தோட ரகசியம் இதுதான். கான்கிரீட் இல்லை, காலண்டர்.

இப்ப நம்ம கதைக்கு வருவோம்.

1907ல பிபின் சந்திர பால் சென்னைக்கு வந்து பேசினது எங்கே? திருவல்லிக்கேணிக் கடற்கரை மணல்ல. கடலோரத்துல கூட்டம் கூடுறது தமிழனுக்கு யாரும் சிங்கப்பூர்ல இருந்து இறக்குமதி செஞ்சு கொடுக்கலை. பின்னாடி மெரினாவுல சீரணி அரங்கம்னு ஒரு மேடையே இருந்துச்சு. எல்லாக் கட்சிக்காரனும் அங்கே தொண்டை கிழியக் கத்தியிருக்கான். 2003ல அதை இடிச்சுத் தள்ளினாங்க.

இடிச்சது ஒரு கட்சி ஆட்சி. அடுத்த கட்சி 2006ல வந்தது. 2001ல எடுக்கப்பட்ட கண்ணகி சிலையை அந்த வருஷமே திரும்ப நிறுத்துச்சு. மேடையை? மூச்! சிலைக்கு இடம் உண்டு, ஜனம் உக்கார இடம் இல்லை. ஏன்னா சிலை கைதட்டாது, கூச்சலும் போடாது. இதுல ரெண்டு கழகமும் ஒரே கழகம்தான்.

2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுக்காகப் பசங்க அதே மணல்ல லட்சக்கணக்குல உக்காந்தாங்க. அதுக்கப்புறம் மெரினாவுல போராட அனுமதி கேட்டவங்களுக்குக் கதவு மூடியே இருந்துச்சு, விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. சிங்கப்பூரும் இதுல சொக்கத்தங்கம் இல்லை. அங்கே பாட்டுக்கு எஸ்பிளனேடு, பேச்சுக்குத் தனியா ஹாங் லிம் பூங்கா மூலை. அந்தப் பாகத்தை மட்டும் நாம நல்லா காப்பி அடிச்சுட்டோம்.

சரி, கூட்டம் வேணும்னு அரசாங்கமே நினைச்சா என்ன நடக்குது? 2024 அக்டோபர் 6, மெரினாவுல விமானப்படை சாகசம். லட்சக்கணக்கான ஜனம், உச்சி வெயில், தண்ணிக்குத் தவிப்பு. 5 பேர் செத்துப் போனாங்க. அதே வருஷம் பிப்ரவரியில பாக் நீரிணைக்கு அந்தப்பக்கம், யாழ்ப்பாணம் கோட்டைக்குப் பக்கத்து முற்றவெளியில ஹரிஹரன் கச்சேரி. காசு கொடுத்தவங்களுக்கு முன்னாடி இடம், இலவசமா வந்தவங்களுக்குப் பின்னாடி இடம், நடுவுல தடுப்பு. கூட்டம் தடுப்பைத் தாண்டி உள்ள வந்துருச்சு, நிகழ்ச்சி பாதியில நின்னுச்சு. உடனே "நம்ம ஜனத்துக்கு ஒழுங்கு தெரியாது"ன்னு தீர்ப்பு எழுதினாங்க. அட, எப்பவோ ஒருநாள் வர்றதுனாலதான் முட்டி மோதுறான். அடுத்த வாரமும் கச்சேரி இருக்குன்னு தெரிஞ்சா எவன் தடுப்பு ஏறுவான்?

"இலவசம்னா மதிக்கமாட்டாங்க"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். சந்தனக்கூட்டுக்கு டிக்கெட் போட்டா நடத்துறோம்? ஓரியூர் தேர்பவனிக்குக் கட்டணம் உண்டா? ராமநாதபுரத்துல பிறந்த நாகூர் ஹனீபா மீலாது மேடையிலும் கட்சி மேடையிலும் பாடினப்ப, தரையில துண்டை விரிச்சு உக்காந்து விடிய விடியக் கேட்ட ஜனம்தானே இது.

சென்னையிலேயே நல்ல உதாரணம் இருக்கு. 2015ல ஊரூர் ஆல்காட் குப்பத்துல டி.எம்.கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் எல்லாம் குப்பத்து மக்களோட சேர்ந்து விழா ஆரம்பிச்சாங்க. மீனவர் வீட்டு வாசல்ல கர்நாடக சங்கீதமும் கேட்டுச்சு, பறையும் கேட்டுச்சு. கோடிக்கணக்குல கட்டடமா கேட்டாங்க? எதிர் உதாரணமும் இருக்கு. சென்னை சங்கமம் 2007ல ஆரம்பிச்சு, 2011 ஆட்சி மாற்றத்தோட நின்னு, 2023 பொங்கலுக்குத் திரும்ப வந்துச்சு. கோட்டையில நாற்காலி மாறினா பறைக்கும் தவிலுக்கும் லீவு. இது காலண்டரா, கட்சி டைரியா?

அதனால தொண்டிக்கு அரங்கம் கேக்குற மாப்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நம்ம கரை காலி மனை இல்லை. வல்லம் ஏத்துற இடம், வலை காயப்போடுற இடம், கருவாடு விரிக்கிற இடம். அங்கே வட்டமா படிக்கட்டு கட்டினா முதல்ல வெளியேறுறது மீன்காரப் பொம்பளைங்க. அடுத்து உப்புக்காத்து கம்பியைத் தின்னும். மூணாம் வருஷம் அந்தப் படியில பீர் பாட்டிலும் ஆடும்தான் உக்காந்திருக்கும். திறப்புவிழாக் கல்வெட்டு மட்டும் பளபளன்னு நிக்கும்.

நான் கேக்குறது ரொம்பச் சின்னது. வலைக்காரங்க சம்மதிக்கிற இடத்துல மேடு பள்ளமில்லாத கொஞ்சம் தரை. கரன்ட் இணைப்பு, ரெண்டு விளக்கு. பூட்டு இல்லாத கழிப்பறை, முக்கியமா பொம்பளைங்களுக்கு. குடிதண்ணி. கழட்டி மாட்டுற மேடை. அதைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டா சாயங்காலக் கடல்காத்தே பாட்டை ஜனத்துகிட்ட தூக்கிட்டு வரும். அப்புறம் மாசத்துக்கு ரெண்டு தேதி. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாள். அப்போ வாரத்துக்கு ஒண்ணு. கும்மியோ, ஒயிலாட்டமோ, இஸ்லாமியப் பாட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைங்க நாடகமோ, எது வேணா நடக்கட்டும். பேரூராட்சி அதைப் பலகையில எழுதிப் போடட்டும். ஆட்சி மாறினாலும் அழிக்கக் கூடாது.

இதுக்கு 60 கோடி டாலர் வேணாம். கூட்டத்தைப் பார்த்துப் பயப்படாத அதிகாரி ஒருத்தர் போதும். அவர் கிடைக்கிறதுதான் கஷ்டம் :-)

டிஸ்கி: "உனக்கு வளர்ச்சியே பிடிக்காதா?"ன்னு கேக்க வர்ற அனானி அண்ணன்களுக்கு: முதல்ல அந்தக் கழிப்பறையைக் கட்டுங்க. வளர்ச்சியை அங்கேருந்து ஆரம்பிப்போம்.