பால்மரத்தில் செய்த வீடு

குழந்தைக்குப் பொம்மை வீடு வாங்கப் போகும் என் வயதுக்காரர்கள் எல்லாரிடமும் ஒரே மந்திரம்தான்: "பிளாஸ்டிக் வேணாம், மரத்துல வாங்கு." மரம் என்றால் இயற்கை, நல்ல ரசனை, பொறுப்பான பெற்றோர். அதோடு யோசனை நின்றுவிடுகிறது. எந்த மரம், யாருடைய வீடு என்று யாரும் கேட்பதில்லை. என் சண்டை அங்கேதான்.

முதலில் மரத்தை முடித்துவிடுவோம். பேரங்காடியில் 'மர வீடு' என்று அடுக்கியிருப்பவற்றில் பல எம்.டி.எஃப். பலகைதான், மரநாரைப் பசையில் அழுத்திச் செய்தது. மலிவான பலகையில் ஃபார்மால்டிஹைட் வாடை மூக்கைத் துளைக்கும். பினாங்கு ஈரக்காற்றில் விளிம்பு ஊதிப்போகும். இஞ்சினியரிங் படித்ததற்கு இதையாவது சொல்லிவைக்கிறேன்: விளிம்பைத் தடவிப் பாருங்கள், எம்.சி. முத்திரை இருக்கிறதா பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கிவிடும் சாமான் எதுவும் வேண்டாம். அந்தக் குட்டிக் கோப்பையும் குட்டி விளக்கும் நேரே தொண்டைக்குப் போகும்.

சரி, கெட்டி மரமே வேண்டும் என்று தேடினால்? பெரும்பாலும் ரப்பர் மரத்தில் வந்து நிற்போம். தாய்லாந்தின் திராங்கில் 1981இல் தொடங்கிய பிளான்டாய்ஸ் நிறுவனத்தின் பெயரே ரப்பர் மரப் பொம்மைகளால் வந்தது. இந்த வகைப் பொம்மைகளின் பெட்டியில் ஒரு பெருமை அச்சாகியிருக்கும்: பால் வற்றிய மரத்தை வீணாக்காமல் மறுவாழ்வு கொடுத்தோம் என்று. பொய் இல்லை. ஏறக்குறைய 25 வருஷம் வெட்டிய பிறகு மரத்தைச் சாய்ப்பார்கள். முன்பு அது விறகாகப் போனது, இப்போது நாற்காலியாகவும் பொம்மையாகவும் கப்பலேறுகிறது.

விடியலில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் அந்த மரத்தை வெட்டியவர் யார் என்பது மட்டும் பெட்டியில் இருக்காது. என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறியபோது, வேலையோடு சேர்ந்து லயத்து வீடும் போனது. மரத்துக்குக் கிடைத்த மறுவாழ்வு அதை வெட்டியவர்களுக்குக் கிடைத்ததா?

இப்போது அந்த மரத்தில் எந்த வீட்டைச் செய்கிறார்கள் என்று பாருங்கள். பனி வழுக்கி விழச் சாய்ந்த கூரை. புகைபோக்கி. வரவேற்பறையில் கணப்படுப்பு. பினாங்கில் கணப்படுப்பு! உள்ளே அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண், ஒரு நாய். அக்கா மகளுக்கு மூன்றரை வயது. அப்படி ஒரு வீட்டை அவள் முன்னால் வைத்ததும் மூன்று கேள்வி கேட்டாள். "மாமா, பாட்டி எங்க படுப்பாங்க? சாமி எங்க இருக்கு? செருப்பு எங்க கழட்டுறது?" இடம் பண்ணிக் கொடுக்கலாம் என்று கட்டிலை நகர்த்தப் பார்த்தேன். பசை போட்டு ஒட்டியிருந்தது.

"விளையாட்டுச் சாமான்தானேடா, இதுல என்ன அரசியல்?" என்பார்கள். பொம்மை வீடு என்றைக்குமே அவ்வளவு அப்பாவியாக இருந்ததில்லை. ஆம்ஸ்டர்டாமில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் செய்வித்த வீடு குழந்தைக்கானதே அல்ல. வசதியான வீட்டுப் பெண்மணி தன் செல்வத்தை ஊருக்குக் காட்டிய அலமாரி அது. 1921க்கும் 1924க்கும் இடையில் ராணி மேரிக்காக ஒரு பொம்மை வீடு உருவானது. வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், அதே காலத்தில் டெல்லியில் வைஸ்ராய் மாளிகையையும் கட்டிக்கொண்டிருந்தவர். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. குழாயில் வெந்நீர், மின்விளக்கு, ஓடும் லிஃப்ட். 1924இல் வெம்பிளி பேரரசுக் கண்காட்சியில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். அங்கே மலாயாவுக்கும் ஒரு மண்டபம் இருந்தது, ரப்பரையும் ஈயத்தையும் காட்ட. அந்த வருஷங்களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் லயத்தில் வரிசையாக ஒட்டிய அறைகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். பொம்மைக்கு இருந்த வெந்நீர் அவர்களுக்கு இல்லை.

உள்ளூர் வடிவமாவது வாங்கலாமே என்றால், ஜார்ஜ்டவுனில் சுற்றுலாப் பயணிகளுக்குக் குட்டிக் கடைவீடுகள் விற்கிறார்கள். முகப்பு அழகு, உள்ளே ஒன்றும் கிடையாது. (நிஜக் கடைவீடுகளின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். 2000இல் வாடகைக் கட்டுப்பாடு போனது, வாடகைக்காரர்கள் போனார்கள். 2008இல் யுனெஸ்கோ வந்தது.)

உடனே நம்மவர்கள் மரப்பாச்சியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அதான் நம்ம பாரம்பரியம்." கொலுப்படியில் ஒன்பது நாள் நிறுத்தி, பிள்ளை கை வைத்தால் அதட்டி, பிறகு துணியில் சுற்றிப் பரண்மேல் போடுவதா பாரம்பரியம்? தமிழில் பொம்மை வீட்டுக்கு அதைவிடப் பழைய சொல் இருக்கிறது: சிற்றில். சங்கப் பாடல்களில் பெண் பிள்ளைகள் மணலில் கட்டுகிறார்கள். நாச்சியார் திருமொழியில் அதைக் கலைக்க வருபவனிடம் சண்டை போடுகிறார்கள். பிள்ளைத்தமிழில் அதற்கென்றே ஒரு பருவம். இவற்றில் எங்கேயும் பெரியவர்கள் வீட்டைக் கட்டி, சாமானை ஒட்டி, கையில் கொடுப்பதில்லை. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது பிள்ளை. கலைந்தால் திரும்பக் கட்டுவதும் பிள்ளைதான்.

அதனால் நான் சொல்வது இது. கூரை இல்லாத, இரண்டு பக்கமும் திறந்த, சுவர் வர்ணம் பூசாத ஒரு சட்டகம் போதும். தனித்தனிச் சாமான் ஐந்தாறு, பிள்ளையின் உள்ளங்கையை நிறைக்கும் அளவில். பொம்மைகளில் ஒரு பாட்டி கட்டாயம். மீதியைத் தீப்பெட்டியும் துணியும் பார்த்துக்கொள்ளும்.

இங்கே சாமி மேடை செய்யும் தச்சர் ஒருவரிடம் படம் வரைந்து கொண்டுபோனேன். நான்கு அறை, முன்னால் ஓர் அஞ்சடி. கூலியோடு 180 வெள்ளி சொன்னார். கணப்படுப்பு வைத்த வீடு பேரங்காடியில் 399. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, அடுப்படி எந்தப் பக்கம் வரணும்?" அதைப் பிள்ளை சொல்லும் என்றேன்.