கொங்கு வாள்களும் கொடுமணல் உருக்கும்: ஒரு மறுப்பு

மூலனூர், தாராபுரம், காங்கயம் வட்டாரங்களின் குலதெய்வக் கோயில்களிலும் பழைய பண்ணை வீடுகளிலும் காணப்படும் வாள்களைப் பற்றி ஒரு கருத்து பரவலாக நிலவுகிறது. நொய்யலின் கரையில், சென்னிமலைக்கு அருகேயுள்ள கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பும் உருக்கும் செய்யப்பட்டதற்கான தடயங்கள் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் வெளிப்பட்டிருப்பதால், இவ்வட்டார வாள்கள் அந்த உருக்கின் வழிவந்தவையே என்றும், அலகில் நீரோட்டம் போன்ற கோலமோ, செய்தவர் பெயரோ, கனத்த துருவோ தென்பட்டால் வேறு சான்று தேவையில்லை என்றும் அக்கருத்து சொல்கிறது. கொடுமணலின் பெருமை ஐயத்துக்கு இடமற்றது. அதிலிருந்து வாள்களைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகளில் ஒன்றுகூட நிற்பதல்ல.

முதலாவதாக, ஒரு தொழில்மரபின் தொன்மை அந்த மண்ணில் கிடைக்கும் ஒவ்வொரு பொருளின் வயதாகிவிடாது. மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 எனவும், சிவகளையில் கி.மு. 3345 எனவும் காலக்கணிப்புகள் வெளியான பிறகு இந்தக் குழப்பம் மிகுந்திருக்கிறது. அந்தக் காலங்கள் மண்ணடுக்கோடும் அதே அடுக்கில் கிடைத்த கரியோடும் தாழியோடும் பிணைந்த பொருள்களுக்கு உரியவை. ஈமச்சின்னங்களிலிருந்து எடுக்கப்படும் இரும்பு பெரும்பாலும் துருவேறி, உப்பிப் பிளந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். அத்தகைய குழியில் கிடைத்ததாகச் சொல்லப்படும் வாள் பளபளவென்று கூர்மையோடு இருந்தால் அந்தக் கதையை நம்ப இடமில்லை. கதை மெய்யாகவே இருந்தாலும், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் குறுக்கே நிற்கும்.

நீரோட்டக் கோலத்தின் மீதான நம்பிக்கையே இவற்றுள் ஆழ வேரூன்றியது. அதைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்னிந்தியக் கொல்லர்களின் உருக்குச் செய்முறையை எழுதிவைத்தார். இரும்பைச் சிறு துண்டுகளாக்கி, உலர்ந்த ஆவாரங்குச்சிகளோடு மண் மூசையில் இட்டு, எருக்கு இலை போன்ற பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, பல மூசைகளை ஒன்றாக அடுக்கித் துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். குச்சியிலும் இலையிலும் உள்ள கரி இரும்பில் கலந்து அதை உருகச் செய்யும். ஆறிய மூசையை உடைத்தால் கரி மிகுந்த உருக்குக்கட்டி கிடைக்கும். அக்கட்டியை மிதமான சூட்டில் பலமுறை அடித்து நீட்டும்போது, இரும்பும் கரியும் சேர்ந்த நுண்ணிய கடினத் துகள்கள் வரிவரியாக அமைகின்றன. மெருகிட்ட அலகில் மென்மையான அமிலம் பட்டதும் அவ்வரிகள் கோலமாகத் தெரிகின்றன. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருப்பதே இவ்வரிகள் உருவாகத் துணைபுரிகிறது என்று ஜான் வெர்ஹோவனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் காட்டினார்கள்.

உலையில் சூடு மிஞ்சினால் இக்கோலம் கரைந்து போகும். ஆகவே கோலமில்லாத அலகும் மெய்யான மூசை உருக்காக இருக்கலாம். மறுபுறம், இருவகை எஃகுத் தகடுகளை மாறிமாறி அடுக்கிப் பற்றவைத்து அமிலத்தில் தோய்த்தால் இன்றைய பட்டறையிலும் அலையலையான வரிகள் எழும். வெற்று எஃகின் மேல் அமிலத்தால் வரைந்தே விற்பதும் உண்டு. வரைந்த கோலம் மெருகிட்டால் அழிந்துவிடும், மீண்டும் அமிலமிட்டாலும் திரும்பாது. அடுக்கிய எஃகில் கோலம் திரும்பும் என்றாலும், உருப்பெருக்கியில் அது தொடர்ந்த கோடுகளாகவே தெரியும். மூசை உருக்கிலோ வரி புள்ளிபுள்ளியாக உடைந்திருக்கும். இச்சோதனை அலகின் மேற்பரப்பைச் சிறிது தின்றுவிடும் என்பதால் பாதுகாப்புக் கலை பயின்றவரே செய்யத்தக்கது.

பெயர்ப்பொறிப்பு இதைவிட நலிந்த சான்று. வாள் அறிதலை ஒரு கல்வியாகவே வளர்த்த ஜப்பானில், 17ஆம் நூற்றாண்டுக் கொல்லர் நாகசோனே கொதெட்சுவின் பெயர் தாங்கிய வாள்களில் மிகப் பெரும்பாலானவை போலி எனக் கருதப்படுகின்றன. அந்நாட்டின் தலைசிறந்த கொல்லராகப் போற்றப்படும் மசமுனேயின் வாள்களோ பெரும்பாலும் பெயரற்றவை. பாரசீகக் கொல்லர் அசதுல்லாவின் பெயர் ஒரு மனிதரின் ஆயுளுக்கு அடங்காத கால இடைவெளியில் செய்யப்பட்ட அலகுகளில் காணப்படுகிறது. தென்னிந்தியாவுக்கு வந்த ஐரோப்பிய அலகுகளில் இருந்த ஆந்த்ரேயா ஃபெராரா என்ற பெயரும் அவ்வாறே பலரால் பொறிக்கப்பட்டது. அரிவாள் வடிவ ஐரோப்பிய முத்திரைகளை உள்ளூர்க் கொல்லர்களும் தங்கள் அலகுகளில் அடித்தார்கள். தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்த வாள்களிலேயே ஐரோப்பிய அலகும் தென்னாட்டுக் கைப்பிடியும் இணைந்தவை இருக்கின்றன என்பதை, அலகையும் பிடியையும் ஒரே ஊர்ப் பொருளாகக் கொள்வோர் கவனிக்க வேண்டும்.

கைப்பிடியைக் கொண்டு காலம் சொல்வதும் இதனால்தான் தவறுகிறது. இந்திய வாள்களில் அலகின் அடிவால் பிடிக்குள் அரக்கு கலந்த பசையால் ஒட்டப்படுவது பெருவழக்கு. சூடு காட்டினால் பசை இளகி அலகு கழன்றுவரும், வேறொன்றைப் பொருத்தலாம். ஜப்பானிய வாளில் மூங்கில் ஆணி ஒன்றைத் தட்டியெடுத்தால் பிடி கழன்று அடிவால் வெளிப்படும். அதன் துருவின் நிறம், அரத்தின் கீறல் சாய்ந்த திசை, ஆணித்துளையின் விளிம்பு ஆகியவற்றைக் கொண்டே அறிஞர்கள் காலத்தையும் பள்ளியையும் கணிக்கிறார்கள். ஆகவே அத்துருவை யாரும் துடைப்பதில்லை. துரு வயதுக்குச் சான்று என்போர் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை. உப்பும் ஈரமும் சில வாரங்களில் செந்துருவை உண்டாக்கிவிடும். மறைந்த இடத்தில் மெல்லப் படிந்து இறுகிய கருந்துருவுக்கே சான்றின் மதிப்பு உண்டு.

குடும்ப வழக்காறு, அதாவது முன்னோர் போரில் ஏந்திய வாள் என்ற செவிவழிச் செய்தி, மதிக்கத்தக்கது. ஆனால் சோதிக்கப்பட வேண்டியது. பாளையக்காரர் போருக்குப் பின் 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. தஞ்சை அரசு முடிவுற்றபின் அரண்மனை ஆயுதங்களில் தெரிந்தெடுத்தவை போக எஞ்சியவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயிற்று. தப்பிய வாள்கள் உண்டு. அவை எப்படித் தப்பின என்பதற்கு விடை வேண்டும். கோயில் வாள்கள் பலவும் நேர்த்திக்கடனாகவே செய்யப்பட்டவை. போரைக் காணாதவை என்பதால் அவற்றின் மதிப்பு சிறிதும் குறையாது.

ஆய்வகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பாரும் உண்டு. மாங்கனீசு மிகுந்திருந்தால் அலகு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்குப் பிந்திய ஆலை எஃகு என்று கொள்ளலாம். கரிகொண்டு ஆக்கிய பழைய உருக்கில் கார்பன் காலக்கணிப்பும் இயலும், ஆனால் அதற்கு அலகிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுக்க வேண்டும். நூறாண்டு கடந்தது என உறுதியானால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொருந்தும். உரிமமின்றி அதை வாங்கி விற்கும் தொழில் செய்யவோ, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவோ முடியாது.

இத்தனைக்கும் அடிப்படையான மேற்பரப்பையே திருவிழாவுக்கு முன் சாணை பிடிப்பதும், அமிலத்தால் துருவை நீக்கி நிக்கல் முலாம் பூசுவதும் அழித்துவிடுகின்றன. கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்கும் முன் வாளை நல்ல வெளிச்சத்தில் இருபுறமும் படமெடுத்து, நீளமும் எடையும் குறித்து, யாரிடமிருந்து எப்போது கோயிலுக்கு வந்தது என்று பெரியவர்கள் சொல்வதை எழுதி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு விட்டுவிடுவதற்குச் செலவு ஏதுமில்லை. தவறான வயது சொல்லப்பட்ட வாளுக்குக்கூடப் பின்னொரு நாளில் சரியான வயது கிடைக்க அதுவே வழிவிடும்.