கழுத்துல ஒரு குழாய்

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. காசிமேட்டுல அந்த 61 நாள்லதான் நிறைய படகுகளைக் கரையேத்தி, அடியில ஒட்டியிருக்கிற பாசி, சிப்பி எல்லாத்தையும் சுரண்டி பெயிண்ட் அடிப்பாங்க. கடல் தண்ணியில எதைப் போட்டாலும் அது மேல ஏதாவது ஒட்டும்னு எங்க ஏரியா பசங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.

ரத்தத்துக்குள்ள பிளாஸ்டிக் குழாயை விட்டாலும் இதே கதைதான். கொஞ்ச நேரத்துலயே அது மேல புரதம் படியும். அதைப் பிடிச்சுக்கிட்டு பிளேட்லெட் ஒட்டும், ஃபைப்ரின் வலை பின்னும், ரத்தம் கட்டிக்கும்.

எங்க தெருவுல ஒரு மாமா, படகு டிரைவர். சுகர்ல கிட்னி போய், இப்போ வாரம் மூணு தடவை டயாலிசிஸ். கழுத்து நரம்பு வழியா இதயம் வரைக்கும் போற கதீட்டர்லதான் ஓடுது. போன மாசம் ஒருநாள் மெஷின் அலாரம் அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம், ரத்தமே வரல. குழாய் உள்ள அடைச்சிருச்சு. அதை எடுத்துட்டு வேற போட்டாங்க.

இதைத் தடுக்க வழி இல்லாம இல்ல. ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதும் குழாயை சலைன்ல கழுவி, ஹெப்பாரின் நிரப்பி மூடி வைப்பாங்க. எவ்வளவு நிரப்பணும்னு குழாய் மேலயே மில்லி கணக்குல போட்டிருக்கும். ஆனா நுனியில இருக்கிற ஓட்டைங்க வழியா அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சிடும். அடுத்த டயாலிசிஸ் ரெண்டு நாள் கழிச்சு. அதுக்குள்ள நுனியில ரத்தம் புகுந்து தேங்கி நிக்குது. இன்னொண்ணு, ஹெப்பாரின் புதுசா கட்டாம தடுக்கும், ஏற்கெனவே கட்டினதைக் கரைக்காது.

இதைப் படிச்சதும் எனக்கும் 'ஒட்டாத கோட்டிங்' ப்ராஜெக்ட் பண்ணலாம்னுதான் தோணுச்சு. ரிவ்யூல நல்லா மார்க் விழும். கோட்டிங் தேவைதான், மறுக்கல. ஆனா மாமா கழுத்துல அந்தக் குழாய் ஏன் இருக்குன்னு முதல்ல கேக்கணும் இல்லையா?

கையில தமனியையும் சிரையையும் இணைச்சு ஃபிஸ்டுலா போடுற முறை 1966-லயே வந்தாச்சு. உள்ள நிரந்தரமா பிளாஸ்டிக் இல்ல, நம்ம சொந்த ரத்தக்குழாய். அதோட உள்சுவர் உயிருள்ளது, ரத்தம் கட்டாம இருக்க தானே நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும். எந்தக் கோட்டிங்கும் இன்னும் இதுகிட்ட வரல. ஒரே சிக்கல், அது ஊசி போடுற அளவுக்குத் தயாராக ஒன்றரை மாசம், சில பேருக்கு மூணு மாசம் கூட ஆகும். அதனால கிட்னி மொத்தமா நிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடணும். சுகர்ல கெடுற கிட்னி பெரும்பாலும் வருஷக்கணக்குல தானே கெடுது, நேரம் இருந்துச்சு.

மாமாகிட்ட முன்னாடியே சொல்லியிருக்காங்க. அவர்தான் தள்ளிப் போட்டார். "அந்தக் கையில வெயிட்டு தூக்கக் கூடாதாம்டா. அப்புறம் வலைய எவன் இழுக்கிறது?" அவர் கேட்டதுல தப்பே இல்ல. ஆனா கழுத்துல குழாயோட, கடல் தண்ணி படாம, எந்தப் படகுல ஏற முடியும்? இதை அவர் பாஷையில உக்காந்து பேச அங்க யாருக்கும் நேரம் இல்ல. அந்தப் பேச்சும் இந்த டிசைன்ல ஒரு பார்ட்னுதான் நான் சொல்வேன்.

ரெண்டு வாரம் முன்னாடி இடது கையில ஃபிஸ்டுலா போட்டாச்சு. அது தயாராகிற வரைக்கும் கழுத்துக் குழாய்தான். நேத்து கூப்பிட்டு மணிக்கட்டுல விரல் வைக்கச் சொன்னார். உள்ள ரத்தம் ஓடுற அதிர்வு நல்லாவே தெரிஞ்சுது. "இன்ஜின் ஐடில்ல ஓடுது பாரு"ன்னார்.