திறமை விளையாட்டாம்!



போக்கர் சூதாட்டமே இல்லை, அது கணக்கு என்று உங்களில் சிலர் என்னிடமே வாதாடுகிறீர்கள். கணக்கு என்று சொல்லிவிட்டால் கணக்கு வாத்தியார் வாயடைத்துப் போவார் என்ற நினைப்பு! 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுகள் என்று ஏற்றதைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள். சரி, கணக்கே போடுவோம்.

உங்கள் கையில் இரண்டு ஹார்ட்டின், மேசையில் இரண்டு. இன்னொன்று விழுந்தால் பிளஷ். திறக்க வேண்டியது ஒரே சீட்டு. நீங்கள் பார்க்காத 46 சீட்டில் ஹார்ட்டின் 9. அதாவது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. நடுவில் 100 ரூபாய். எதிராளி 50 வைக்கிறார். நீங்கள் 50 போட்டால் கிடைக்கக்கூடியது 150. கட்டுப்படியாகச் சுமார் 205 வேண்டும். "விழுந்தால் அவரிடம் இன்னும் கறந்துவிடுவேன்" என்று அந்தக் குறையை மனசுக்குள் நிரப்பிக்கொள்கிறீர்கள். இதுதான் இம்ப்ளைட் ஆட்ஸ்.

இதற்கு மறுபக்கம் உண்டு: ரிவர்ஸ் இம்ப்ளைட் ஆட்ஸ். ஹார்ட்டின் விழுந்தேவிட்டது. ஆனால் உங்கள் கையில் இருப்பது ஐந்தும் ஆறும். எதிராளியிடமும் இரண்டு ஹார்ட்டின், அதில் ஒன்று ராஜா. சீட்டு விழாமல் இருந்தால் 50 ரூபாயோடு எழுந்திருப்பீர்கள். நினைத்தது விழுந்ததால்தான் வைத்திருந்தது மொத்தமும் போகிறது.

விழுந்தால் வருவதை எல்லோரும் எண்ணுவார்கள். விழுந்தும் போகக்கூடியதை எண்ணுபவனே திறமைசாலி. அவன் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். ஷிப்ட் முடிந்து பட்டரவாக்கத்தில் ரயில் ஏறியதும் போனைத் திறக்கும் தம்பி, அவன் பார்ப்பது நீ வைத்த 50 ரூபாயை அல்ல. அதற்குப் பின்னால் நிற்கும் உன் சம்பளத்தை, கடன் ஆப்பை, வீட்டு நகையை. அவனுடைய இம்ப்ளைட் ஆட்ஸே நீதான். கறக்கிறவன் அவன், மாடு நீ. யார் ஜெயித்தாலும் ஆட வைக்கிற கம்பெனிக்குக் கமிஷன் தனி.

லாட்டரியில் தோற்றவன் அதிர்ஷ்டத்திடம் தோற்றான். திறமை விளையாட்டில் கத்துக்குட்டி தோற்பது தற்செயல் அல்ல, அதுதான் அந்த ஆட்டத்தின் நியதி. ஆகவே "திறமை" என்ற சொல் நற்சான்றிதழ் அல்ல, எச்சரிக்கைப் பலகை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. அதை அநியாயம் என்று புலம்பிக்கொண்டே வெளிநாட்டு ஆப்புகளைத் தேடுகிறீர்களே, அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். கணக்கு தெரிந்தவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மேசையில் யாருடைய பணத்தை நம்பி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்? விடை தெரியவில்லை என்றால், உங்களுடையதுதான். எழுந்து வாருங்கள்.