யார் ஆக்கிரமிப்பாளர்?
நிகோபார் தீவும் டில்லி மதராஸி கேம்ப்பும்

'ஆக்கிரமிப்பு', 'அபிவிருத்தி' என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு சர்க்கார் இந்த தேசத்தின் வடக்கிலும் தெற்கிலும் என்ன செய்கிறது என்பதை நாம் பார்க்க வேண்டும்.

வடக்கே டில்லி மாநகரில், நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே, ஜங்புராவின் பாராபுல்லா ஓடைக் கரையில் மதராஸி கேம்ப் என்றொரு குடியிருப்பு இருந்தது. தாம்பரம் வழியாகப் போகும் திருக்குறள் விரைவு ரயில் போய் நிற்கும் இடம் அந்த நிஜாமுதீன்தான். தெற்கே, தேசத்தின் தென்கோடியான இந்திரா முனையைத் தன்னிடத்தே கொண்ட கிரேட் நிகோபார் தீவு. அது மழைக்காடு, இது மாநகர ஓடைக்கரை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் மேலே படிக்கட்டும்.

ஒரே காலம், ஒரே உழைப்பு

1968-70 வாக்கில் பிழைப்புத் தேடி டில்லிக்குப் போன தமிழ்நாட்டு ஏழைகள் அந்த ஓடைக் கரையில் குடிசை போட்டார்கள். சுற்றியிருந்த பங்களாக்களில் பாத்திரம் துலக்கினார்கள், வீடு பெருக்கினார்கள், கூலி வேலை பார்த்தார்கள். தலைநகரம் துப்புரவாக இருந்ததென்றால் அதில் இவர்களுடைய வியர்வையும் உண்டு.

அதே காலத்தில், 1969 முதல் 1980 வரை, மத்திய சர்க்கார் சுமார் 330 முன்னாள் ராணுவ வீரர் குடும்பங்களைக் கிரேட் நிகோபாரில் குடியேற்றியது. பஞ்சாபியரோடு தமிழரும் அதில் இருந்தார்கள். 'காட்டைத் திருத்து, பயிர் செய், எல்லையைக் காத்து நில்' என்றது சர்க்கார். அவர்களும் நின்றார்கள். 2004 சுனாமி அடித்தபோதும் நின்றார்கள்.

இன்று இரண்டு கூட்டத்தாருக்கும் ஒரே உத்தரவு: 'இடத்தைக் காலி செய்!'

நடந்தது என்ன?

2025 ஜூன் 1 அன்று, டில்லி உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில், மதராஸி கேம்ப்பின் சுமார் 370 வீடுகளைப் புல்டோசர்கள் தரைமட்டமாக்கின. மாற்று வீட்டுக்குத் தகுதியுள்ளவை என்று முதலில் 189 குடும்பங்களுக்குத்தான் பட்டியல் போட்டார்கள். அந்த வீடும் எங்கே? ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால், நரேலாவில்! அங்கே தண்ணீரில்லை, மின்சாரமில்லை என்று போனவர்கள் முறையிட்டார்கள். பாத்திரம் துலக்கப் போகிற பெண், கூலியில் பாதியைப் பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு என்ன சாப்பிடுவாள்?

தீவிலே விஷயம் இன்னும் பெரிது. 2022 நவம்பரில் அனுமதி பெற்றபோது 72,000 கோடி ரூபாய் மதிப்பிட்ட திட்டம் அது. துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதுநகரம் எல்லாம் சேர்த்து 166 சதுர கிலோமீட்டர். அதில் 130 சதுர கிலோமீட்டர் காடு. ராட்சதக் கடலாமைகள் முட்டையிடும் கலத்தியா விரிகுடாவுக்கு இருந்த சரணாலயம் என்ற காவலை 2021 ஜனவரியிலேயே நீக்கிவிட்டார்கள். 2011 கணக்கெடுப்பின்படி சோம்பென் ஆதிவாசிகள் 229 பேர்தான். அவர்கள் தீவில் மூன்றரை லட்சம் பேரைக் கொண்டு வந்து இறக்கப் போகிறார்களாம்!

நிகோபாரிகளின் பழங்குடி கவுன்சில் 2022 ஆகஸ்டில் கொடுத்த சம்மதத்தை நவம்பரில் திரும்பப் பெற்றது. தங்கள் பூர்வீகக் கிராமங்களும் திட்டத்துக்குள் வருவதைத் தங்களுக்குத் தெரிவிக்கவில்லை என்றது. சுனாமிக்குப் பின் அந்த மக்களை முகாம்களில் கொண்டுவந்து வைத்தார்கள். சொந்த ஊருக்கு அனுப்புங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஊருக்கு அனுப்பவில்லை. ஊரையே திட்டத்துக்குக் கொடுக்கிறார்கள்! ராணுவக் குடும்பங்கள் திருத்திய காந்தி நகர், சாஸ்திரி நகர் நிலங்கள் விமான நிலையத்துக்குப் போகின்றன.

பசப்பு வாதங்கள்

'ஓடையை அடைத்தார்கள், வெள்ளம் வருகிறது, அதனால் இடித்தோம்' என்கிறார்கள். வெள்ளம் வடிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் அதே பாராபுல்லா ஓடைக்குள் தூண்களை நட்டு, 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக மேம்பாலச் சாலை போட்டது யார்? கோழி திருடியவன் கூடவே நின்று உலாவுகிறான்!

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சில மைல்களில் இருக்கும் பெரும்பாக்கத்தைப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளில் வெள்ள அபாயம் என்று சொல்லி அப்புறப்படுத்திய ஏழைகளை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும்! மழை பெய்தால் அங்கேயும் வெள்ளம்தான். வெள்ளம் வெறும் சாக்கு. குறி நிலத்தின் மீது.

தீவுக்குச் சொல்லும் சாக்கு தேசப் பாதுகாப்பு. தேசத்தைக் காக்க வேண்டாம் என்று யார் சொன்னது? 2012 முதலே கேம்பல் விரிகுடாவில் 'பாஸ்' கடற்படை விமானத் தளம் இருக்கிறது. புது விமான நிலையத்துக்குக் கேட்பதும் எட்டரை சதுர கிலோமீட்டருக்குள்தான். புதுநகரத்துக்கோ ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர்! எல்லையைக் காப்பது உல்லாச விடுதிகளா, மாளிகைகளா?

ஈடு கொடுக்கும் அழகையும் பாருங்கள். தீவின் மழைக்காட்டை வெட்டிவிட்டு, அதற்கு ஈடாக ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஹரியானாவில் மரம் வளர்ப்பார்களாம். மதராஸி கேம்ப் மக்களுக்கும் ஹரியானா எல்லையை ஒட்டிய நரேலாவில்தான் ஈடு. நிகோபார்க் காட்டுப் பறவை ஹரியானாவுக்குப் பறந்து போகுமா? நரேலாவிலிருந்து பெண்கள் ஜங்புராவுக்கு நடந்து போவார்களா?

அதிகாரம் யார் கையில்?

அந்தமான் நிகோபாருக்குச் சட்டசபையே கிடையாது. ஒரே ஒரு பார்லிமெண்ட் அங்கத்தினர், மேலே துணை நிலை ஆளுநர். டில்லிக்குச் சட்டசபை உண்டு. ஆனால் நிலமும் போலீஸும் மத்திய சர்க்கார் கையில். நிலத்தில் உழைக்கிறவனுக்கு அந்த நிலத்தைப் பற்றிப் பேச வாயில்லாதபடி செய்திருக்கிறார்கள். வேலையாள் வேண்டியிருந்தபோது 'குடியேறு' என்றார்கள். நிலத்துக்கு விலை ஏறியதும் 'ஆக்கிரமிப்பாளன்' என்கிறார்கள்.

ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு 2025-இல் அறிவித்தது. உதவி நல்லதுதான். ஆனால் டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு எது ஊர்?

ஆகவே நாம் கோருவது இது. பிழைக்கும் இடத்துக்கு மூன்று, நான்கு மைல்களுக்குள் மாற்று வீடு தயாராகாமல் எந்தக் குடிசையையும் தொடாதே! தகுதிப் பட்டியல் என்று சொல்லி ஏழைகளைக் கழித்துக் கட்டாதே! பழங்குடி மக்களின் சுதந்திரமான சம்மதமில்லாமல் நிகோபார்க் காட்டில் ஒரு மரத்தையும் வெட்டாதே! நிகோபாரிகளை அவர்கள் பூர்வீகக் கிராமங்களுக்குத் திரும்ப விடு!

நாளைக்கு நம் ஏரிக்கரைக் குடிசைக்கும் புல்டோசர் வரலாம். அன்று குரல் கொடுக்க ஆள் வேண்டுமானால், இன்று தீவுக்காகவும் மதராஸி கேம்ப்புக்காகவும் நாம் குரல் கொடுத்தாக வேண்டும்.